நான்காம் வகை, ஊர்: காஞ்சிபுரம்

ஜூலை 2, புதன்

எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. செவிலிமேடு ஸ்டாப்பில் இருபது நிமிஷம். டவுன் பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோ. லேப்பில் ஒரு ஏ.சி. மட்டும் ஓடுகிறது. சென்ட்ரிஃபியூஜ் மூடி இரண்டு தட்டு தட்டினால்தான் பூட்டுகிறது.

லேப்பை நடத்துகிற டாக்டர் மேடம் புது வேலை கொடுத்திருக்கிறார். லேப்புக்கு வந்த ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் யாருக்கு எந்த வகை வைரஸ், எந்த ஊரில் எது அதிகம் என்று ஒரு பட்டியல், ஒரு வரைபடம். மாநாட்டு போஸ்டருக்கு. பழைய ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் இறக்கினேன். தூசு. தும்மல்.

வகை 1 சிவப்பு
வகை 3 நீலம்
வகை 4 பச்சை
வகை 6 மஞ்சள்

படித்தது: வடக்கே மூன்று அதிகம். தெற்கே ஒன்றும் கலந்து வரும். நான்கு இந்தப் பக்கம் அபூர்வம்.

அந்த அபூர்வத்தில் ஒருத்தி ரேவதி. என் மனைவி. மார்ச்சில் போனாள். இருபத்தொன்பது வயசு. கல்லீரல் கெட்டுப் போனது தெரிந்த நாலாவது வாரம், ரத்த வாந்தி. மாத்திரை அட்டை இரண்டாவது வரிசையில் நின்றது. ஊரார் ரத்தத்தை எல்லாம் சோதிக்கிறவன் வீட்டில் இருந்தவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. சோர்வாக இருக்குது என்றாள். இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான்.

இன்று அவளுடைய பச்சைப் புள்ளியையும் வைத்தேன். செவிலிமேடு மேல். எங்கள் வீட்டு மேல். ஒன்றும் ஆகவில்லை. டீ குடித்தேன்.

கேஸ் புக் பண்ண வேண்டும். அவள் நம்பரில் பதிவு. அவள் போனுக்கு சார்ஜ் போட வேண்டும்.


ஜூலை 3, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

மதியம் மாமியார் போன். ரே. போன பிறகு இது மூன்றாவது தடவை. நந்தினிக்கு முடிவாகிவிட்டதாம். ரே.யின் தங்கை. ஆவணியில் கல்யாணம். பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலை.

"சொல்லணும்ல மாப்ள, அதான் சொல்றேன்." அவ்வளவுதான். வாருங்கள் என்று சொல்லவில்லை.

சொல்ல மாட்டார். காரியத்தன்று பந்தலில் எல்லார் காதிலும் விழ அவர் சொன்னது அப்படியே இருக்கிறது: "எங்க வம்சத்துலயே இல்லாத நோவு. கண்டவன் ரத்தத்த தொட்டுக்கினு வந்து என் பொண்ண தொட்டான். அதான்."

என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை, இருந்து தொலைத்தால் தேவலை என்று நினைத்தேன். இல்லை.

பாத்திரம் கழுவவில்லை. நாளைக்கு.


ஜூலை 5, சனி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் குழம்பும்.

பட்டியலில் இரண்டு பெண்கள். ஒரே போன் நம்பர். பெயர் ஒன்று, இனிஷியல் வேறு. முதல் பதிவில் ஊர், தென்னேரி தாண்டி ஒரு கிராமம். இரண்டாவது பதிவில் சின்ன காஞ்சிபுரம். இரண்டும் வகை 4. இரண்டு பச்சைப் புள்ளி வைத்திருக்கிறேன், இரண்டு ஊரில்.

இரண்டும் ஒருத்திதான்.

ரத்தம் எடுக்கிற ஜெயந்தி அக்காவிடம் காட்டினேன். ஊசியைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"மொதோ தபா வந்தப்ப முழுகாம இருந்திருப்பாப்பா. தலப்பிரசவத்துக்கு அம்மா வூட்ல இருந்திருப்பா. அப்பா இனிஷியல், அம்மா வூட்டு ஊரு. அப்பால புருஷன் வூட்டுக்கு வந்துட்டா, அந்த ஊரு, அந்த இனிஷியல்."

"ஒரே ஆளு ரெண்டு ஊராக்கா?"

"பொம்பளைக்கு ஏதுப்பா ஊரு? கேட்டா புருஷன் ஊரதான் சொல்லுவோம். என்ன கேளேன், பிள்ளையார்பாளையம்பேன். பொறந்து வளந்தது ஆரணி. இருபத்தெட்டு வருசத்துல எவன் கேட்டான், நீ கேட்டியா?"

நான் கேட்டதில்லை. ஏழு வருஷமாக எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு ரே.யின் வரியைத் திறந்தேன். 'ஊர்: காஞ்சிபுரம்.' அடித்தது யார்? நான். அட்மிஷன் அவசரத்தில் நான்தான் அடித்தேன். கல்யாணமாகி நாலு வருஷம்தான் அவளுக்கு காஞ்சிபுரம். அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் அந்தத் தென்னேரிக்கு அப்பாலுள்ள கிராமம். அதே கிராமம்.

இந்த வைரஸ் வந்து உட்கார்ந்து, கல்லீரலைத் தின்று முடிக்கப் பல வருஷம் எடுக்கும். இது முதல் வருஷப் பாடம். நாலு வருஷத்தில் ஆகாது. படித்தவன் நான். புள்ளியை எங்கே வைத்தேன்? எங்கள் வீட்டு மேல்.

பச்சை மொத்தம் ஆறு. ஒரு ஆண், ஐந்து பெண்கள். ஆணின் ஊர் அதே கிராமம், அவன் எங்கும் போகவில்லை. மற்ற பெண்களுக்கு போன் போட்டேன். செய்யக் கூடாது. செய்தேன். "ரெக்கார்டுக்காக" என்றேன். ஒருத்தி ஆந்திரா. ஒருத்தி எடுக்கவில்லை. ஒருத்தி கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், உடனே, "அவர இன்னாத்துக்கு கேக்கணும், நான் பொறந்த ஊரு எனக்கு தெரியாதா" என்று சொல்லிவிட்டாள். அதே கிராமம். அதே தெரு கூட.

வகை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. வைரஸின் முழு மரபணு வரிசையையும் படித்து ஒப்பிட வேண்டும். தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

அந்தத் தெருவில்தான் நந்தினி இருக்கிறாள்.


ஜூலை 6, ஞாயிறு

டூட்டியை மாற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். வாலாஜாபாத் வரை பஸ், பிறகு ஆட்டோ. ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர். நீல ஷர்ட் போட்டேன், அவள் எடுத்துக் கொடுத்தது. யோசித்துப் போட்டதில்லை, மேலாக இருந்தது.

அத்தை மோர் கொடுத்தார். நந்தினி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ரே.க்கு இருந்த அதே கருப்பு. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

சுற்றி வளைக்கவில்லை. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டேன்.

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க எங்க போறது? ஊசிக்காரருதான் வருவாரு. சாயங்காலமானா டி.வி.எஸ்.ல வந்துருவாரு, பாவம். காய்ச்சலுக்கு ஒண்ணு, தெம்புக்கு ஒண்ணு. நல்ல கைராசி. இப்ப இல்ல, போய் சேந்துட்டாரு."

"ஊசி ஒண்ணா, ஆளுக்கொண்ணா?"

"ஒண்ணுதான். வெந்நீ போணில போட்டு போட்டு எடுப்பாரு. சுத்தக்காரரு."

"கூட்டமா இருந்தா?"

"கூட்டமா இருந்தா எங்க போட்டு எடுக்கறது? தொடச்சிட்டு குத்துவாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மோரைக் கீழே வைத்தேன். "இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

சொன்னேன். ஊசி, தெரு, பச்சைப் புள்ளி, எல்லாம். நந்தினிக்கு ஒரே ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். இருந்தால் பன்னிரண்டு வாரம் மாத்திரை, பெரும்பாலும் சுத்தமாகப் போய்விடும். ரே.க்குத் தெரிந்தது கடைசியில். இவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அத்தை எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். "மெல்ல பேசுங்க. பூ வெச்சிட்டு போன பொண்ணு அவ. ரத்தம் பாத்தாங்கன்னு தெரிஞ்சாலே போச்சு. வந்துதா வரலயான்னு எவனும் கேக்க மாட்டான்."

"தெரியாம பாக்கலாம் அத்தை."

"உங்களுக்கு இன்னா மாப்ள? உங்க மேல இருக்கற பழிய எங்க ஊரு மேல போடணும். அதுக்கு எம் பொண்ணு வேணும். ஒருத்திய குடுத்தது பத்தலயா?"

பஸ்ஸில் போகும்போது இதற்கு ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். நல்ல பதில். அது வரவில்லை.

"ஆமா அத்தை, அதுக்கும்தான்," என்றேன். "பந்தல்ல சொன்னீங்களே, அது பொய்யின்னு எனக்கு தெரியணும். ஆனா அதுக்கு இவ ரத்தம் தேவையில்ல, ரேவதி ரத்தமே போதும். இவ ரத்தம் இவளுக்கு."

"கெளம்புங்க."

கிளம்பினேன். வாசலில் நந்தினி என் செருப்பைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள், போட்டுக்கொள்ள வாகாக.


ஜூலை 8, செவ்வாய்

மேடத்திடம் புது வரைபடத்தைக் கொண்டுபோனேன். இரண்டு பக்கம். இடது பக்கம் ஆதார் விலாசப்படி. வலது பக்கம் பிறந்து வளர்ந்த ஊர்ப்படி, தெரிந்தவரைக்கும். இடது பக்கத்தில் பச்சை சிதறிக் கிடக்கிறது, ஒரு அர்த்தமும் இல்லாமல். வலது பக்கத்தில் ஒரே இடத்தில் குவிகிறது.

பொறுமையாகப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் ரே.க்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தவர்.

"முரளி, யார் உங்கள பேஷண்ட்ஸுக்கு போன் பண்ணி கேக்க சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம்."

"இப்ப எந்த டைப்பா இருந்தாலும் ஒரே மாத்திரைதான். டைப் பாக்கறதே கொஞ்ச நாள்ல நின்னுடும். இது ஒரு போஸ்டர். அட்ரஸ்படி போடுங்க. அப்படித்தான் எல்லாரும் போடறாங்க."

"அப்ப எல்லாரும் போடறது தப்பு மேடம். பாதி பேர் பொம்பளைங்க. வியாதி வந்த ஊர்ல அவங்க யாருமே இல்ல, கட்டிக் குடுத்த ஊர்ல இருக்காங்க. நாம போடறது வைரஸோட மேப் இல்ல. கல்யாண மேப்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டார். "ஆறு பேர வெச்சு ஒரு ஊர் மேல சொல்ல முடியாது. அது உங்களுக்கே தெரியும். நீங்க ஒரு வாரம் லீவு எடுங்க."

லீவு எடுத்து என்ன செய்ய? வீட்டில் அவள் மிக்சி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?

ஆறு பேர் போதாது என்பது சரி. அப்படியானால் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்காமல் இருக்க அது காரணமா? கேட்டேன். போஸ்டரிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்.

இன்னொன்று. மைனஸ் எண்பது ஃப்ரீசரில் இடம் இல்லை, பழைய சாம்பிள்களைக் கழிக்கச் சொல்லி லிஸ்ட் வந்தது. ரே.யின் இரண்டு குப்பி அதில் இருக்கிறது. பெட்டி பதினாலு. மற்றதை எல்லாம் ஆட்டோகிளேவில் போட்டேன். அதைப் போடவில்லை. என்றைக்காவது வரிசை படித்து ஒப்பிட வேண்டி வரும் என்று லிஸ்டில் எழுதினேன். அது உண்மை. அது மட்டும் இல்லை.


ஜூலை 9, புதன்

காற்று. பாலாறு பக்கமிருந்து மணல். ஜன்னல் ஓரம் எல்லாம் நறநற.

ரிஜிஸ்ட்ரேஷன் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன். 'பிறந்து வளர்ந்த ஊர்.' விலாசத்துக்கு மேலே. யாரையும் கேட்கவில்லை. ஐம்பது பிரதி எடுத்து கவுண்டரில் வைத்தேன்.

காது கொடுத்துக் கேட்டது, காலை:

"இன்னாமா இது, பொறந்த ஊர கேக்கறாங்க? சர்க்கரை பாக்கறதுக்கா?"

"எழுதுங்கமா, காசா பணமா."

"எழுதுறேன். உத்திரமேரூரு பக்கம் களியாம்பூண்டி. எழுதி எத்தினி வருசமாச்சு."

அந்தம்மா பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கிராமத்தைப் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். தெருவில் எல்லாருக்கும் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லி. மற்ற நோயாளிகள் பெயர் எதுவும் இல்லை. நந்தினி பெயர் இல்லை. ரேவதி பெயர் மட்டும் போட்டேன், முழுசாக, என்ன வகை, என்று செத்தாள், எல்லாம். என் மனைவி, நான் எழுதுவேன். வியாதிக்குப் பெயர் இருக்கிறது, அவளுக்கும் பெயர் இருக்கிறது. இரண்டையும் வாயை மூடிக்கொண்டு புதைத்தது போதும்.

ரிஜிஸ்டர் தபால். பிறகு இட்லி, நின்றபடி.


ஜூலை 11, வெள்ளி

நந்தினியிடமிருந்து வாட்ஸப்.

"மாமா ஞாயித்துக்கிழம முகூர்த்த புடவ எடுக்க காஞ்சி வரோம் ரெண்டு வீடும்"

"உங்கள கூப்பிட வேணாம்னு அம்மா சொல்லிச்சு"

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு:

"லேப் எத்தினி மணி வரிக்கும்"

ஒரு மணி என்று போட்டேன். வேறு எதுவும் போடவில்லை. நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தேன்.


ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து ஊரெல்லாம் வேன். ஆடி பிறப்பதற்குள் புடவை எடுக்க வந்த கூட்டம். வாசலில் ஹாரன்.

பத்து. பதினொன்று. பதினொன்றரைக்கு மூடியிருந்த ட்யூப்களை மறுபடி எண்ணினேன், தேவையில்லாமல்.

பன்னிரண்டே காலுக்கு வந்தாள். வேர்த்து விறுவிறுத்து. தனியாக.

"ப்ளவுஸ் லைனிங் மேட்சிங் பாக்க போறேன்னு சொல்லிட்டு வந்தேன். மாடில முந்தி பிரிச்சி பிரிச்சி போட்டுக்கினு இருக்காங்க. அர மணி நேரம் தாங்கும்."

ஜெயந்தி அக்கா ரப்பர் கட்டினார். நரம்பு சீக்கிரம் கிடைக்கவில்லை. ரே.க்கும் அப்படித்தான்.

"புடவை இன்னா கலர்மா?"

"அரக்கு. மாம்பழ பார்டர். எனக்கு புடிக்கலக்கா. மாப்ள வூட்டு அத்தைக்கு புடிச்சிருக்குது."

"புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரே நாள்ல எத்தினிதான்கா எதுத்துக்கினு நிக்கறது? புடவைய விட்டுட்டேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி ஏறிவிட்டது. வயலட் மூடி ட்யூப் ஒன்று, சிவப்பு மூடி ஒன்று.

படிவத்தை அவளே நிரப்பினாள். பிறந்து வளர்ந்த ஊர் என்ற கட்டத்தில் தெருப் பெயரையும் சேர்த்து எழுதினாள். கொட்டை எழுத்தில். பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்: "மாமா, அக்காக்கு தெரியுமா, எங்க வந்துதுன்னு?"

"தெரியாது. என்கிட்டருந்தான்னு ஒரு நாள் கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இருக்கலாம்னு சொன்னேன். அப்ப என் ரிப்போர்ட் வரல."

அவள் பஞ்சைக் குப்பையில் போடப் போனாள், மஞ்சள் கூடை என்று காட்டினேன், போட்டாள். வாசலில் திரும்பி, "எதுவா இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க. அம்மாக்கு இல்ல. எனக்கு."

போன பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.


ஜூலை 14, திங்கள்

முதல் டெஸ்ட் பாசிட்டிவ்.

இதை வைத்து வைரஸ் இப்போது இருக்கிறது என்று சொல்ல முடியாது. முன்னே வந்து தானாகப் போயிருந்தாலும் இது காட்டும். சிலருக்குப் போகும். பி.சி.ஆர். பார்க்க வேண்டும். பேட்ச் புதன்கிழமை.

அவளுக்கு இதை அப்படியே அனுப்பினேன். பதில்: "சரி மாமா." பிறகு: "புதன் எத்தினி மணிக்கு?"

வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவினேன். கழுவியதையும் கழுவினேன்.


ஜூலை 16, புதன்

மேகம். நாளை ஆடி. தெருவில் மைக் செட் கட்டுகிறார்கள், டெஸ்டிங் டெஸ்டிங் என்று ஒருத்தன் காலையிலிருந்து.

பி.சி.ஆர். ஓட்டம் பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தேன். கண்ட்ரோல் சரி. அவள் கோடு முதலில் தரையோடு கிடந்தது. இருபது சுற்று வரைக்கும். பிறகு ஏறியது. நின்றுகொண்டே பார்த்தேன்.

வகை பார்க்கத் தேவையில்லை. பார்த்தேன். நான்கு.

மேடம் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "மாத்திரைக்கு நான் எழுதித் தரேன்," என்றார். போஸ்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது ஏற்கெனவே போய்விட்டது, பழைய படத்தோடு. போகட்டும். நான் அந்தக் கிராமத்தை விடப் போவதில்லை.

ஐந்தே முக்காலுக்கு நந்தினிக்கு போன்.

"சொல்லுங்க மாமா."

"இருக்குது நந்தினி."

பின்னால் ஆடு கத்துகிறது. குழாயில் தண்ணீர் விழுகிறது. அவள் மூச்சு.

"பன்னெண்டு வாரமா?"

"பன்னெண்டு வாரம். கல்லீரல ஒரு ஸ்கேன் பாக்கணும். கல்யாணத்த தள்ள வேண்டியதில்ல. குழந்தை மட்டும் மாத்திரை முடியற வரிக்கும் வேணாம்."

"அவருகிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன். மொத டெஸ்ட்டு வந்ததுமே."

"இன்னா சொன்னாரு?"

"யோசிச்சு சொல்றேன்னாரு. யோசிக்கட்டும். நானும்தான் யோசிக்கணும்." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "மாமா, அம்மா இங்கதான் இருக்குது. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருக்குது. பேசணுமாம்."

போன் கை மாறுகிற சத்தம். நான் தயாராக நின்றேன். என்ன சொன்னாலும் பதில் சொல்வது என்று. இந்த முறை விடுவதில்லை என்று.

வளையல் சத்தம் மட்டும்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"அந்தாளு எனக்கும் குத்தியிருக்கான். ரெண்டு பிரசவத்துக்கும். எத்தினி வாட்டின்னே தெரியல. வெறும் வயித்துல வரணுமா?"

"வேணாம் அத்தை. சாப்ட்டே வாங்க."